நாற்பத்தொன்றாம் பக்கம்

அமைதியைப் பற்றிப் பேச வந்தவர்கள் அத்தனை பேரும் கழுத்தில் அட்டை மாட்டியிருந்தார்கள். எனக்கும் ஒன்று மாட்டிவிட்டார்கள். பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. மாட்டிய பெண்ணிடம் அது என்ன என்று கேட்டேன்.

"சமூகத் தலைவர்னு போட்டிருக்கு, ஐயா."

நான் முப்பத்தெட்டு வருடம் மொத்த மார்க்கெட்டில் மூட்டை இறக்கியவன். கடைசி இருபத்தைந்து வருடம் மேற்கு வாசல் கோஷ்டிக்கு மேஸ்திரி. தலைவர் என்று ஒருவன் என்னைக் கூப்பிட்டால் எதற்கோ அடிபோடுகிறான் என்றுதான் எனக்குத் தோன்றும்.

என் சம்பந்திக்கும் அதே அட்டைதான். அவர் கிழக்கு வாசல் கோஷ்டிக்கு மேஸ்திரியாக இருந்தவர். அவருடைய ஒரே மகனுக்குத்தான் என் மகளைக் கொடுத்திருக்கிறேன். பதினாறு வருடமாக அவள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். சம்பந்திக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது, செயற்கைக் கால். அதைத் தட்டிக் காட்டி, "இதையும் அட்டையில போடும்மா. நான் பாதி சமூகம், பாதி பிளாஸ்டிக்" என்று அந்தப் பெண்ணைச் சிரிக்க வைத்தார்.

விஷயம் இதுதான். எங்கள் பல்கலைக்கழகமும் கடல் தாண்டி இருக்கும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து வேலை செய்யப்போவதாக அன்றைக்குக் கையெழுத்துப் போடுகின்றன. அங்கிருந்து ஒரு அம்மா இரண்டு வருடமாக வந்து போய்க்கொண்டிருந்தார். தலைமை, சமாதானம், இதெல்லாம்தான் அவருடைய ஆராய்ச்சி. சண்டை போட்ட கூட்டம் எப்படிச் சமாதானம் ஆகிறது, அதற்கு முன்னால் நிற்பவன் எப்படிப்பட்டவன் என்று பார்ப்பாராம். பார்க்க உலகத்தில் வேறு சண்டையே கிடைக்காத மாதிரி எங்கள் மார்க்கெட் சண்டையைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் மூன்றாவது வாசல் திறந்தபோது அங்கே யார் மூட்டை இறக்குவது என்று மேற்கும் கிழக்கும் பதினோரு நாள் மோதிக்கொண்டோம். பதினோராம் நாள் நின்றது. ஒரு நாள் நீ, ஒரு நாள் நான் என்று முறை வைத்துக்கொண்டோம். அந்த முறை இன்றைக்கும் ஓடுகிறது. இதைக் கண்டுபிடித்து அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

நிகழ்ச்சி பத்தரைக்கு. பல்கலைக்கழக வேன் எங்களை ஒன்பதரைக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டது. சம்பந்தி கழிப்பறைக்குப் போனார். காலைக் கழற்றி மாட்டிக்கொண்டு வர அவருக்கு நேரமாகும். நான் அரங்கத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் அங்கும் இங்கும் நடந்தேன். சுவர் முழுக்கப் பெரிய பெரிய அச்சுத் தாள்கள் ஒட்டியிருந்தார்கள். எழுத்து எனக்குத் தகராறு. கடைப் பலகை படிப்பேன், பஸ் பலகை படிப்பேன், பத்தி பத்தியாக எழுதினால் கண் வழுக்கும். அதனால் படங்களைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். மார்க்கெட் வாசல். தராசு. மூட்டை தூக்கும் கொக்கி.

நாலாவது தாளில் இரண்டு முடிச்சுகள் வரைந்திருந்தன. பக்கத்தில் பக்கத்தில். அம்புக்குறி போட்டு, கயிறு எதன் மேல் ஏறி எதன் அடியில் நுழைகிறது என்று நூல் பிசகாமல் வரைந்திருந்தார்கள். எழுத்து எதற்கு? கயிற்றை நான் படிப்பேன்.

இடது பக்கம் இருந்தது எங்கள் கோஷ்டியின் இரண்டு இழுப்பு முடிச்சு. லாரியில் மூட்டையை உயரமாக அடுக்கிக் கட்டும்போது போடுவது. கீழே நின்று வாலைப் பிடித்து முதல் இழுப்பு இழுத்தால் கயிறு தளரும், அவிழாது. மூட்டை சாய்கிறதா, நிற்கிறதா என்று பார்த்து ஆள் விலகிக்கொள்ளலாம். இரண்டாவது இழுப்பில்தான் அவிழும். வலது பக்கம் இருந்தது அதே முடிச்சில் ஒரே ஒரு வளையத்தை மாற்றிப் போட்டது. வெளியே பார்க்க வித்தியாசம் தெரியாது. முதல் இழுப்பிலேயே மொத்தமும் விட்டுவிடும்.

சண்டையின் ஒன்பதாம் நாள் விடிகாலை, மூன்றாவது வாசலில் நின்ற லாரியின் கயிற்றை யாருக்கும் தெரியாமல் அவிழ்த்து நான் போட்டது அந்த வலது பக்க முடிச்சு. எட்டு மணிக்குக் கிழக்கு ஆட்கள் இறக்க வந்தார்கள். மேஸ்திரி கயிற்றை இழுத்தார். மேல் அடுக்கு மூட்டைகள் அப்படியே அவர் மேல் வந்தன. கால் போயிற்று. அடிபட்ட ஆளை மேற்கும் கிழக்கும் சேர்ந்துதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், அதற்கு அப்புறம் யாருக்கும் கை ஓங்கத் தெம்பு இல்லை, இரண்டு நாளில் சமாதானம். லாரி டிரைவர் வழியில் கயிற்றை அவிழ்த்துத் தப்பும் தவறுமாகக் கட்டிவிட்டான் என்று மார்க்கெட் முடிவு செய்தது. நான் அந்த முடிவுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசவில்லை. டிரைவர் அதற்கப்புறம் அந்த மார்க்கெட் பக்கம் வண்டி ஓட்டவில்லை. இப்போது அவன் உயிரோடும் இல்லை.

இதைப் பெற்ற மகளுக்குச் சொல்லவில்லை. கட்டியவள் சாகும்வரை அவளுக்கும் சொல்லவில்லை. போன வருடம் அந்த ஆராய்ச்சி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டால் சரியான பதில் என்னிடம் இல்லை. முடிச்சைப் போட்டுக் காட்டச் சொன்னார், ஜம்பமாகப் போட்டுக் காட்டினேன். இந்த வளையத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. விமானம் ஏறிப் போகிற ஆள், நான் சொல்வதோடு என் பெயர் எங்கும் வராது என்று காகிதம் காட்டிய ஆள். வாய் திறந்துகொண்டது.

அந்தத் தாளுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். தாளின் அகலம் எனக்கு இல்லை. கையைப் பின்னால் கொண்டுபோய் ஓரத்தைப் பிய்க்கப் பார்த்தேன். கெட்டியாக ஒட்டியிருந்தார்கள்.

சம்பந்தி தூரத்தில் வந்துகொண்டிருந்தார். "என்னய்யா, போட்டோ புடிக்கறவங்களுக்கு நிக்கிறியா?"

"கால் வலிக்குது. சாஞ்சு நிக்கிறேன்."

"ரெண்டு காலு இருக்கறவனுக்குத்தான் வலி எல்லாம்" என்று சொல்லிக்கொண்டே டீ இருந்த மேசைக்குத் திரும்பினார். நல்லவேளை, பிஸ்கட் என்றால் அவருக்கு உயிர்.

ஆராய்ச்சி அம்மா அரங்கத்துக்குள் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் பாஷையைப் புத்தகத்தில் கற்றவர். பேசினால் செய்தி வாசிப்பது போலவே இருக்கும். கூட எங்கள் பல்கலைக்கழகத்து விரிவுரையாளர் ஒருவர். எந்நேரமும் கோப்பைக் கட்டிப் பிடித்திருப்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஃபைல்.

"அம்மா, வெளிய இருக்கற அந்தப் படத்த எடுங்க."

"எந்தப் படத்தை ஐயா?"

"கயிறு. முடிச்சு."

"அந்தத் தாளில் உங்கள் பெயர் இல்லையே. மார்க்கெட்டின் பெயரும் இல்லை. ஏழாம் நபர் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். கவலை வேண்டாம்."

"பேரு எதுக்கும்மா? முடிச்சே என் பேருதான். அந்த முடிச்சு போடத் தெரிஞ்சவன் எங்க கோஷ்டியில மூணே பேரு. அதுல ரெண்டு பேர போலீஸ் முந்தின நாளே புடிச்சு உள்ள வச்சிருந்துச்சு. மார்க்கெட்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும். மிச்சம் யாரு?"

அந்த அம்மா மைக்கை மேசையில் வைத்தார். "மூட்டை இறக்குகிற எல்லோரும் அந்த முடிச்சைத்தான் போடுவார்கள் என்று நினைத்தேன்."

"எல்லாரும் போட்டா நான் எதுக்கும்மா அவ்வளவு பெருமையா போட்டுக் காட்டறேன்?"

எழுதுகிறவர்கள் செய்கிற தப்பு இதுதான். ஆளை ஒளித்துவைப்பதாக நினைத்துக்கொண்டு பெயரை மட்டும் அடிப்பார்கள். அவன் கை வேலையை அப்படியே விட்டுவிடுவார்கள்.

"இந்த ஆராய்ச்சியிலிருந்து நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று படிவத்தில் இருக்கிறது, ஐயா" என்றார்.

"விலகறேன். இப்பவே."

அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வெளியே ஓடிப் போய் நகத்தால் சுரண்டி அவரே அந்தத் தாளைக் கிழித்தார். கம்ப்யூட்டரைத் திறந்து திரையில் காட்ட வைத்திருந்த படத்தையும் அழித்தார். எனக்கு மூச்சு வந்தது. ஃபைல் கோப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேடம், புத்தகம்."

"என்ன புத்தகம்?" என்றேன்.

"ரெண்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து போட்ட ஆராய்ச்சிப் புத்தகம், ஐயா. இன்னைக்கு வெளியீடு. முந்நூறு காப்பி. எல்லா நாற்காலியிலயும் வச்சாச்சு."

"அதுல இது இருக்கா?"

"நாப்பத்தொண்ணாம் பக்கம். படத்தோட."

"ஐயாவின் ஒப்புதல் இல்லாமல் அச்சுக்குப் போகக்கூடாது என்று சொல்லியிருந்தேனே" என்று அந்த அம்மா ஃபைலைப் பார்த்தார்.

"நான் போனேன் மேடம். வீட்டுக்கே போயி முழுசா படிச்சுக் காட்டினேன். ஐயாதான் சரி சரின்னு சொல்லிக் கையெழுத்து போட்டாரு." என்னிடம் திரும்பி, "போட்டீங்களா இல்லையா ஐயா?" என்றார்.

போட்டேன். நாலு மாதம் முன்னால் ஒரு மாலை, ஃபைல் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் வாசித்தார். அந்த எழுத்து நடை என் காதில் ஏறவில்லை. புரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன். ஏழாம் நபர் என்று வந்தபோதுகூட வேறு எவனோ என்று விட்டுவிட்டேன். சீக்கிரம் கிளம்பட்டும் என்று காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். யாரையும் நம்பாதவன் என்று எனக்குப் பெயர். அன்றைக்குப் பார்த்து நம்பித் தொலைத்தேன்.

மூன்று பேரும் நாற்காலி வரிசைகளுக்குள் புகுந்தோம். ஃபைல் பின் வரிசைகள், அந்த அம்மா நடுவில், நான் முன்னால். புத்தகம் பொறுக்கினோம். ஆட்கள் உள்ளே வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். கையில் எடுத்தவரிடம் பிடுங்க முடியாது. ஒரு பெண் போலீஸ் அதிகாரி, "என்னது, பிழையா?" என்று கேட்டார். ஃபைல், "ஆமா மேடம், அச்சுப் பிழை" என்றார். அந்த ஆளுக்குப் பொய் சொல்ல வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் வரிசைக்கு வந்தேன். சம்பந்தி செயற்கைக் காலை நீட்டி உட்கார்ந்து, புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார்.

"அதக் குடு."

"எதுக்கு?"

"திரும்ப வாங்கறாங்க. ஏதோ தப்பாம்."

"ஓசில குடுத்தத எதுக்கய்யா புடுங்கறே? தப்பு இருந்தா நான் திருத்திக்கறேன்." அவர் எட்டாவது வரை படித்தவர். சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர். நிதானமாக, விரலை வைத்துக்கொண்டு, விட்டுவிடாமல் படிப்பார். "நம்ம மார்க்கெட் படம் எல்லாம் இருக்கு பாரு. வீட்டுக்குக் கொண்டுபோயி மருமககிட்ட காட்டணும்."

மருமகள் என்றால் என் மகள்.

விளக்குகளை மங்கலாக்கினார்கள். மேடைக்கு மட்டும் வெளிச்சம். அதில் பாதி எங்கள் வரிசை மேலும் விழுந்தது. துணைவேந்தர் பேசத் தொடங்கினார். தலைமை என்றால் கேட்பது, கேட்பது என்றால் காது கொடுப்பது என்று ஒரே விஷயத்தை நாலு தரம் சொன்னார். நான் சம்பந்தியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேச்சைக் கேட்கவில்லை, பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். எழுத்துதான் எனக்குத் தகராறு, எண் அப்படி இல்லை. பக்கத்தின் மூலையில் எண் இருந்தது. பன்னிரண்டு. பதினைந்து.

"தலைவர்கள்னு போட்ட பக்கத்துல உன் போட்டோ நல்லா விழுந்திருக்கு" என்றார். "திருடன் மாதிரி முழிக்கிறே."

"மூடி வை. மேடையில பேசறாங்க."

"அவரு என்ன பேசறாருன்னு அவருக்கே தெரியாது. நீ சும்மா இரு."

இருபத்து நாலு. இருபத்தொன்பது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் தலைவர் எழுந்தார். அவர் பேசியதை ஒருவர் மொழிபெயர்த்தார். முப்பத்து மூன்று. தண்ணீர் வேண்டும் என்று எழுந்து போய்விடலாமா, மயக்கம் வருகிறது என்று விழுந்துவிடலாமா, புத்தகத்தைத் தட்டிவிட்டு மேலே காலை வைத்துவிடலாமா என்றெல்லாம் புத்தி ஓடியது. ஓடி என்ன பயன்? இன்றைக்குத் தப்பித்தால் நாளைக்கு அவர் வீட்டு மேசையில் அந்தப் புத்தகம் இருக்கும். என் மகள் படிப்பாள். அவள் பட்டப் படிப்பு படித்தவள். ஒரே மூச்சில் படித்துவிடுவாள்.

முப்பத்தெட்டு.

அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்தேன்.

"நாப்பத்தொண்ணுல நான் இருக்கேன்."

"இருந்தா பாப்போம், கைய எடு."

"நல்லதா இல்ல. அந்தக் கயித்த டிரைவர் கட்டல."

அவர் என் கையை நகர்த்தப் போனவர் நின்றார்.

"நான் கட்டினேன். ஒரு இழுப்புல விடற மாதிரி கட்டினேன். மூட்டை சரிஞ்சா உங்க ஆளுங்களுக்கு வேலை தெரியலன்னு கடைக்காரங்க உங்கள வெரட்டுவாங்கன்னு கணக்குப் போட்டேன். ஆளு மேல விழும்னு நெனைக்கல."

மேடையில் இரண்டு தலைவர்களும் கையெழுத்துப் போட்டுக் காகிதங்களை மாற்றிக்கொண்டார்கள். அரங்கம் கைதட்டியது. சம்பந்தியும் தட்டினார். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவர் கை இரண்டு மூன்று தட்டு தட்டி, பிறகுதான் நின்றது. முகம் மேடையைப் பார்த்தபடி இருந்தது.

"இத அந்தம்மாகிட்ட எப்ப சொன்னே?"

"போன வருஷம்."

"எவ்வளவு நேரம் பேசினே?"

"ஒண்ணரை மணி நேரம் இருக்கும்."

"நாம சம்பந்தி ஆயி பதினாறு வருஷம். கால் போயி முப்பத்தோரு வருஷம். அதுல எனக்குன்னு ஒரு ஒண்ணரை மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கல."

உங்களுக்கு என்றார். யோவ் என்றும் நீ என்றும் என்னைக் கூப்பிட்டே பழகிய வாய். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒலிபெருக்கி எங்கள் இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டது. "இந்த அமைதியின் வாழும் அடையாளங்கள்" என்று அறிவிப்பாளர் குரலை ஏற்றினார். ஓரத்தில் நின்ற ஆராய்ச்சி அம்மா வேண்டாம் வேண்டாம் என்று அறிவிப்பாளருக்குக் கையை ஆட்டினார். அவர் அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கூப்பிட்டார். சம்பந்தி எழுந்தார். நான்கு படி. கைப்பிடியைப் பிடித்துத் தானே ஏறினார். நான் பின்னால் போனேன்.

சான்றிதழ் கொடுத்தார்கள். போட்டோக்காரர் கீழே மண்டியிட்டு, "ரெண்டு பேரும் கை குலுக்குங்க, இங்க பாருங்க" என்றார். சம்பந்தி மைக்கைக் கேட்டு வாங்கினார். நான் தரையைப் பார்த்தேன். முந்நூறு பேர் முன்னால் சொல்லிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சொல்லட்டும் என்றும் மனதின் ஒரு மூலையில் இருந்தது. என் மகள் காதில் யார் யார் வாய் வழியாகவோ விழட்டும், நான் சொல்ல வேண்டியதில்லை என்று. அந்த நேரத்திலும் எனக்கு அப்படித்தான் புத்தி போயிற்று.

"கை குலுக்கச் சொல்றீங்க" என்றார் சம்பந்தி. "இன்னைக்கு முடியாது. சமாதானம் ஆயிடுச்சுன்னு புத்தகம் போட்டுட்டீங்க, சரி. எனக்கு இன்னைக்குத்தான் சண்டையே ஆரம்பிச்சிருக்கு."

அரங்கம் சிரித்தது. பெரிய ஜோக் என்று நினைத்துக் கைதட்டினார்கள். துணைவேந்தர் சிரித்துக்கொண்டே அவர் தோளைத் தட்டினார். சிரிக்காதவர்கள் நான்கு பேர். நாங்கள் இரண்டு பேர், அந்த அம்மா, ஃபைல்.

திரும்பும்போதும் அதே வேன். அந்த அம்மா வேன் வரைக்கும் வந்தார். சம்பந்தியிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். சம்பந்தி, "உங்க மேல எனக்குக் கோவம் இல்லம்மா. நீங்க கேட்டீங்க, அவரு சொன்னாரு. கேக்கத் தோணலையேன்னு எனக்கு என் மேலதான் கோவம்" என்று கதவை இழுத்துச் சாத்தினார்.

வேன் கிளம்பியதும் சம்பந்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆஸ்பத்திரிக்கு அந்த டிரைவர் என்னைப் பாக்க வந்தான். கட்டிலுக்கு அடியில கெடந்த செருப்ப எடுத்து அவன் மூஞ்சியில வீசினேன். அப்ப நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"நின்னேன்."

"செருப்ப எடுத்து மறுபடி கட்டிலுக்கு அடியில வச்சது யாரு?"

"நான்தான்."

வேன் ஓட்டுகிறவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, முதலில் யாரை இறக்கிவிடணும் என்றார்.

"ரெண்டு பேரையும் என் வீட்டுல எறக்குங்க" என்றார் சம்பந்தி. "பையன்கிட்ட நான் சொல்லிக்கறேன். மருமககிட்ட நீங்க சொல்லணும். என் முன்னாடி."

மகள் கதவைத் திறந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டைகளைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு. "வாங்க தலைவரே. மாமா, உங்களுக்கும் பட்டமா? ஏன் ரெண்டு பேரும் இப்படி நிக்கிறீங்க? மீட்டிங் நல்லா நடந்துச்சா?"

"உக்காரும்மா" என்றேன்.

அவள் உட்காரவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள், பாதி மடித்த சட்டையோடு நின்றாள். சொன்னேன். லாரி, விடிகாலை, முடிச்சு, எட்டு மணி. அந்த அம்மாவிடம் சொன்ன மாதிரியே, அதே வரிசையில் சொன்னேன். ஒரு தரம் சொன்ன வாய்க்கு இரண்டாம் தரம் சுலபமாக வந்தது. அதுவே எனக்கு அருவருப்பாக இருந்தது. "ஆளு மேல விழும்னு நெனைக்கலம்மா" என்று முடித்தேன்.

"பாக்கியையும் சொல்லுங்க" என்றார் சம்பந்தி.

"என்ன பாக்கி?"

"லாரி வந்து நின்னா கயித்த யாரு இழுப்பா?"

சம்பந்தி விடவில்லை.

"உங்க கோஷ்டியில யாரு இழுப்பா? எங்க கோஷ்டியில யாரு இழுப்பா? அந்த மார்க்கெட்ல எந்தக் காலத்துலயாவது வேற யாராவது இழுத்திருக்காங்களா?"

"மேஸ்திரி" என்றேன்.

"அப்ப யாரு அடியில நிப்பான்னு தெரியாதா உங்களுக்கு?"

முப்பத்தோரு வருடமாக நான் நினைக்கவில்லை, நினைக்கவில்லை என்று எனக்கே சொல்லிச் சொல்லி அதை நம்பி வைத்திருந்தேன். அந்த அம்மாவின் டேப்பிலும் அதைத்தான் பேசியிருக்கிறேன். புத்தகத்திலும் அதைத்தான் போட்டிருப்பார்கள். லாரியின் அடியில் நின்று கயிற்றைக் கையில் பிடிக்காதவர்களுக்கு இந்தக் கேள்வி வராது.

"தெரியும்" என்றேன். "நீதான் நிப்பேன்னு தெரியும்."

மகள் கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தாள். ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, தடவி, மற்றத் துணிகளின் மேல் வைத்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் மாமனாரைப் பார்த்தாள்.

"மாமா, நான் இப்ப என்ன செய்யட்டும்? இருக்கட்டுமா, அப்பாவோட போகட்டுமா?"

"நீ எதுக்குப் போகணும்? நீயா கயிறு கட்டினே?" அவருக்கு அப்போதுதான் குரல் உயர்ந்தது. வேனில் உயராத குரல், மேடையில் உயராத குரல். "இந்த மாதிரி இன்னொரு தரம் கேட்டே, அப்பத்தான் எனக்குக் கெட்ட கோவம் வரும். போ, சாப்பாட்ட எடுத்து வை. எனக்கு மட்டும்."

அவள் உள்ளே போனாள். தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. ஒரே ஒரு தட்டு. சம்பந்தி நாற்காலியில் உட்கார்ந்து செயற்கைக் காலின் பட்டையைத் தளர்த்த ஆரம்பித்தார். பட்டை கழல மறுத்தது. உதவி செய்ய ஒரு அடி வைத்தேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்த பார்வையில் அப்படியே நின்றேன்.

கழுத்து அட்டையைக் கழற்றினேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். செருப்பு மாட்டும்போது உள்ளிருந்து குரல் வந்தது.

"சம்பந்தி."

"ம்."

"ஞாயித்துக்கிழமை வாங்க. எனக்கு இன்னும் கேக்க வேண்டியது நெறைய இருக்கு. இன்னைக்குக் கேட்டா வாய் பேசாது, கைதான் பேசும்."

"எத்தன மணிக்கு?"

"காலையிலயே வாங்க. ஒண்ணரை மணி நேரத்துல முடியாது."

மகள் வந்து என் பின்னால் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை. மெதுவாகச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தேன், பஸ் வந்தது, ஏறவில்லை, அடுத்த நிறுத்தம் வரைக்கும் நடந்தேன். அங்கேயும் நிற்க முடியவில்லை. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமைதான்.